கேள்விக்குறிகளாக மாறிய குளங்கள்!

காலை ஒன்பது மணி. கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார் அவர். முந்தைய நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து டைப் செய்த ஃபைலைத் திறந்தார்.

திரையில் தமிழே இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வெறும் கேள்விக்குறிகள். இடையிடையே அவர் போட்ட கமாவும் முற்றுப்புள்ளியும் மட்டும் அப்படியே இருந்தன. நடுவில் ஓர் இடத்தில் 1952 என்ற வருஷம் பத்திரமாக இருந்தது. அந்த வருஷம் என்ன நடந்தது என்பதுதான் இல்லை.

மூடித் திறந்தார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார். கேள்விக்குறிகள் நகரவில்லை.

கும்பகோணத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், பத்துக்குப் பத்து அறைதான் அந்தக் கடை. தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டி.டி.பி அக்கா’. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று 1997-லிருந்து தட்டிக்கொண்டிருக்கிறார். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, விசைப்பலகையைப் பார்க்காமல் ஒரு பத்திரிகையை முடித்துவிடுவார்.

2020-ல் கொரோனா வந்தது. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். ஐம்பது பேருக்கு யார் பத்திரிகை அடிப்பார்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு படம் போதும் என்றாகிவிட்டது. அடுத்த வருஷமும் அதே நிலைமை. சென்னையில் ஐ.டி வேலை பார்க்கும் மகள் அப்போது வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்திருந்தாள்.

“அம்மா, நீ வெப் பேஜ் போடக் கத்துக்கோ. டிசைன் கண்ணு உனக்கு இருக்கு. பேஜ்மேக்கர்ல தலைப்புக்கு ஒரு ஸ்டைல், பத்திக்கு ஒரு ஸ்டைல் வெப்பியே, ஹெச்.டி.எம்.எல்லும் கிட்டத்தட்ட அதேதான்” என்றாள்.

47 வயதில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஓர் அடையாளம் எழுத வேண்டும். அதைப் படித்து பிரவுசர் பக்கத்தை அடுக்கிக் காட்டும். கற்கக் கற்க அவருக்குப் பிடித்துவிட்டது. மகள் சென்னைக்குத் திரும்பிய சில வாரங்களில், முதல் வேலையும் கடையைத் தேடி வந்தது.

தமிழய்யாவின் புத்தகம்

வந்தவர் பக்கத்துக் கிராமத்துத் தமிழய்யா. ஓய்வு பெற்ற தமிழாசிரியர், 84 வயது. 2003-ல் தன் ஊரின் குளங்களையும் வாய்க்கால்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்காலிலிருந்து தண்ணீர், எந்த மதகை யார் திறப்பார்கள், எந்தக் குளம் எப்போது தூர்ந்தது என்று 24 அத்தியாயங்கள். அக்காதான் டைப் செய்து கொடுத்தார். 300 பிரதி அச்சடித்தார்கள். ஐயாவிடம் மிஞ்சிய ஒரே பிரதியையும் செல் அரித்துவிட்டது.

“குளத்தைத் தூர் வாரப் போறாங்களாம்மா. எல்லை எதுன்னு பசங்க என்னைக் கேக்கறாங்க. எனக்குக் கண்ணும் சரியா தெரியல. செல்போன்ல எல்லாரும் பாக்கறாப்புல போட முடியுமா?”

அக்காவிடம் சி.டி இருந்தது. ஆனால், இப்போதைய கம்ப்யூட்டரில் சி.டி போட வழியில்லை. அந்த ஃபைலைத் திறக்கும் சாஃப்ட்வேரும் இல்லை. தெரிந்த பிரஸ் ஒன்றில், மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டரைக் கெஞ்சிக் கேட்டு ஓடவிட்டார். ஃபைல் திறந்தது. உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது.

பாமினி போன்ற அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்கள் அப்படித்தான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அடித்தது ஆங்கில எழுத்துதான். ஃபான்ட் அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டிக் காட்டும். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் சட்டை கழன்றுவிடும். புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். கன்வெர்ட்டர் போட்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினார். கொம்பும் காலும் இடம் மாறியிருந்த இடங்களை வேர்டில் வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தவே பத்து நாள் ஆனது.

அதே வேர்டில் ஹெச்.டி.எம்.எல் அடையாளங்களையும் போட்டுப் பார்த்தார். படம் வரவில்லை, லிங்க் வேலை செய்யவில்லை. மகளுக்கு அனுப்பினார். அவள் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“அம்மா, வேர்டு உனக்கு நல்லது பண்றதா நெனச்சு மேற்கோள் குறியையெல்லாம் சுருட்டி வெச்சிருக்கு. கோட்ல நேர் மேற்கோள்தான் போடணும். வேர்டை மூடிட்டு நோட்பேட்ல அடி.”

நேர் மேற்கோள் போட்ட பையன்களையெல்லாம் திட்டித் திட்டிச் சுருள் மேற்கோள் போட வைத்தவர் அவர். அச்சில் அதுதான் அழகு. இங்கே அதுவே பிழையாகிவிட்டது.

மறுநாள் மகளின் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுத் திண்ணைக்குப் போனார். ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டக் காட்ட, ஐயா புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். 1952 புயல் ராத்திரி. பெரிய குளம் உடையப் போகிறது. நாலு பேர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மதகுக்குள் இறங்குகிறார்கள். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் இவர்தான், வயது 15. அந்த நாலு பேரின் பெயரையும் சொன்னார். அக்கா விடாமல் தட்டினார்.

சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. சில வரிகள், கீழே ஓகே, கேன்சல் என்று இரண்டு பொத்தான்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓகே அழுத்திவிட்டுக் கிளம்பினார்.

‘இந்த ஃபைலில் யூனிகோடு எழுத்துகள் இருக்கின்றன. இந்த முறையில் சேமித்தால் அவை போய்விடும்’ என்பதுதான் அந்தப் பெட்டி சொன்ன விஷயம்.

ஏன் கேள்விக்குறி?

நாம் எழுத்தாகப் பார்ப்பது கம்ப்யூட்டருக்கு வெறும் எண். ஆன்சி என்று காட்டும் பழைய முறையில் மொத்தமே 256 எண்கள்தான். அந்த லேப்டாப்பில் இருந்த பட்டியலில் ஆங்கிலமும் ஐரோப்பிய மொழி எழுத்துகள் சிலவும் குறியீடுகளும் நிரம்பிவிட்டன. தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். ‘ப’ இருந்த இடத்திலும் அதே கேள்விக்குறி, ‘ள’ இருந்த இடத்திலும் அதே கேள்விக்குறி. எது எதுவாக இருந்தது என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. அதை ஃபைலில் எழுதிவைக்க இன்று இணையம் முழுக்கப் புழங்கும் முறை யூ.டி.எஃப்-8. விண்டோஸ் நோட்பேடில் 2019-ல் வந்த பதிப்பிலிருந்துதான் புது ஃபைலுக்கு அந்த முறை தானாக வருகிறது. அதற்கு முன்பு நாமேதான் பார்த்து மாற்ற வேண்டும். மகளின் லேப்டாப்பில் இருந்தது பழைய பதிப்பு.

“நோட்பேட்ல அடின்னு நீதானேடி சொன்னே?”

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சொன்னேம்மா. சேவ் பண்றப்ப யூ.டி.எஃப்-8னு மாத்தணும்னு சொல்ல மறந்துட்டேன். என் தப்புதான்.”

“ஐயாகிட்ட என்னடி சொல்வேன்?”

அன்று மாலையே போய்ச் சொன்னார். ஐயா கோபப்படவில்லை. “எழுதினது போனா என்னம்மா, சொன்னவன் இருக்கேன்ல” என்று மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை அக்கா நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதினார். புயல் வந்தது, மதகு வந்தது, கயிறு வந்தது. பெயர்கள் மூன்றுதான் வந்தன.

“நாலாவது ஆளு… நேத்து சொன்னேனே. என்னமோ வாய்க்குள்ளயே நிக்குதும்மா” என்றார் ஐயா. வெகுநேரம் யோசித்தார். வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். இனி எதில் எழுதப்போகிறோம் என்பதை அடுத்தவர் சொல்லிக் கேட்கக் கூடாது. தானே பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆளுக்கொரு பக்குவம்

தேவை ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். வேர்டு மாதிரி தடித்த எழுத்து, கலர், ஓரம் என்று எதையும் ஃபைலுக்குள் கலக்காமல், அடித்த எழுத்தை அடித்தபடியே வைத்திருக்கும் சாஃப்ட்வேர். வெப் வேலை செய்கிறவர்களுக்கு நாள் முழுக்கக் கை வைத்திருக்கும் இடம் அதுதான்.

விஷயம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பரவியது. மகள் வி.எஸ்.கோட் என்றாள். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கும் அண்ணன் மகன், “அத்தை, ஆட்டம்னு ஒரு எடிட்டர் இருக்கு, அழகா இருக்கும், அதைப் போடுங்க” என்றான். பக்கத்து செல்போன் சர்வீஸ் கடைத் தம்பி, “அக்கா, நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். ஒரு நிமிஷத்துல ஏத்தித் தரேன்” என்றார். மகளின் டீம் லீடரோ, விம் தவிர வேறெதையும் தொடவே மாட்டாராம்.

“சாம்பார்ப் பொடிக்கு அளவு கேட்ட கதையா இருக்கு. ஆளுக்கொரு பக்குவம் சொல்றாங்க” என்றார் அக்கா.

முன்பு பிரின்டர் வாங்கப் போனபோது, கடைக்காரர் அடித்துக் காட்டிய கலர் படத்தை அவர் நம்பவில்லை. தான் கொண்டுபோன கல்யாணப் பத்திரிகையை அடித்துக் காட்டச் சொன்னார். அதே வழியில் இப்போதும் ஒரு நோட்டில் ஆறு கேள்விகள் எழுதினார்.

தமிழ் பிசிறில்லாமல் தெரிகிறதா? எந்த முறையில் சேமிக்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டுகிறதா? கரன்ட் போனால் அடித்தது என்ன ஆகும்? 24 ஃபைலிலும் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைத் தேட முடியுமா? நான் செய்யும் தப்பை எனக்குக் காட்டுமா? 4 ஜி.பி ரேம் உள்ள இந்தக் கடை கம்ப்யூட்டர் அதைத் தாங்குமா?

சோதிக்க எடுத்துக்கொண்டது ஒன்பதாம் அத்தியாயம்.

முதலில் விம். மகள் வீடியோ காலில் சொல்லச் சொல்லச் செய்து பார்த்தார். இதன் முன்னோடி ‘வி.ஐ’ என்ற எடிட்டர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976-ல் எழுதியது. அவர் உட்கார்ந்த டெர்மினலில் தனியாக அம்புக்குறி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறி வரைந்திருக்கும். அதனால்தான் இன்றைக்கும் விம்மில் அந்த நான்கு விசைகளால் நகரலாம். எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளையிட இன்னொரு நிலை. பழகியவர்கள் மவுஸைத் தொடாமல் பறப்பார்கள். பழகாதவர்களுக்கு வெளியே வருவதே பாடு. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியைப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்திருக்கிறார்கள் என்று ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளம் 2017-ல் சொன்னது.

விம்மை 1991-ல் வெளியிட்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார். காசு கேட்கவில்லை. திறந்ததும் வரும் திரையில், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அக்கா அந்த வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால், சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. விம்மின் கட்டளைகள் ஆங்கில எழுத்துகள். தமிழ் விசைப்பலகை ஆன் ஆகியிருக்கும்போது கட்டளை கொடுத்தால் தமிழ் எழுத்துதான் போகிறது. ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்தது. டெர்மினலில் கொம்பு ஓர் இடம், எழுத்து ஓர் இடமாக வேறு நின்றது. “நல்ல மனுஷர் பண்ணினது. ஆனா என் வேலைக்கு ஒத்து வரல” என்று மூடினார். மூட மகளின் உதவி தேவைப்பட்டது.

அடுத்து ஆட்டம். அண்ணன் மகன் சொன்ன மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால், ஐகானை அழுத்திவிட்டு டீ வாங்கப் போய்த் திரும்பும் வரை திறந்துகொண்டே இருந்தது. காரணம் உண்டு. ஆட்டம், வி.எஸ்.கோட் இரண்டுமே எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. அதற்குள் ஒரு முழு பிரவுசரே ஓடுகிறது. 4 ஜி.பி கம்ப்யூட்டருக்கு அது பெரிய சுமை.

வி.எஸ்.கோட் அந்த அளவுக்குத் திணறவில்லை. 2015-ல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்தியது, இலவசம். யூ.டி.எஃப்-8 என்று கீழ்ப் பட்டையில் எப்போதும் தெரிந்தது. ஓர் அடையாளத்தைத் திறந்தால் மூடுவதையும் தானே போட்டது. அதோடு பிரவுசரையும் திறந்தபோதுதான் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. இன்னொரு தொல்லை, தட்டும்போதே ‘இந்தச் சொல்லா, அந்தச் சொல்லா’ என்று ஒரு பட்டியல் கீழே விழுந்தது. அடுத்த வரிக்கு என்டர் தட்டினால் பட்டியலில் இருந்த சொல் வந்து உட்கார்ந்தது. செட்டிங்கில் அதை நிறுத்தலாம் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

கடைசியாக நோட்பேட் பிளஸ் பிளஸ். டான் ஹோ என்பவர் 2003-ல் வெளியிட்ட இலவச எடிட்டர். ஐயாவின் புத்தகம் வந்த அதே வருஷம். அழுத்தியதும் திறந்தது. எழுத்தைப் பெரிதாக்கியதும் தமிழ் தெளிவாக வந்தது. கீழ்ப் பட்டையில் யூ.டி.எஃப்-8. ஓர் அடையாளத்தின் மேல் கர்சரை வைத்தால் அதன் ஜோடி எங்கே இருக்கிறது என்று நிறம் காட்டியது. ஜோடி இல்லாவிட்டால் நிறமும் இல்லை, தப்பு தெரிந்துவிடும். மொத்த ஃபோல்டரிலும் தேடியது.

மிச்சம் கரன்ட் சோதனை. யூ.பி.எஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு பத்தியை அடித்து, சேமிக்காமல், கொஞ்ச நேரம் பொறுத்து, சுவர் ஸ்விட்சை அணைத்தார். சர்வீஸ் கடைத் தம்பி, “அய்யோ அக்கா!” என்று ஓடி வந்தார். மறுபடி போட்டார். எடிட்டரைத் திறந்தார். சேமிக்காத பத்தி அப்படியே இருந்தது.

“இதுதான்” என்றார் அக்கா.

மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். “இன்னும் நல்லது இருக்கேம்மா.”

“உன் ஆபீஸ் சுமைக்கு லாரி வேணும்டி. எனக்குக் கடைத்தெரு போய்வர சைக்கிள் போதும்.”

‘ஆறு’ படுத்திய பாடு

எடிட்டர் நல்லதாக இருந்தால் மட்டும் தப்பு நடக்காமல் போய்விடாது. புத்தகத்தில் வெறுமனே ‘ஆறு’ என்று இருக்கும் இடங்களில் எல்லாம் ‘அரசலாறு’ என்று பெயரைப் போட்டுவிடலாம் என்றார் ஐயா. அக்காவுக்கு உற்சாகம். பிரின்டில் என்றால் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும். இங்கே மொத்த ஃபோல்டரிலும் தேடி மாற்று என்று ஒரே அழுத்து. 24 அத்தியாயமும் முடிந்தது.

அன்று மாலை ஐயாவுக்குப் படித்துக் காட்டினார். “குளம் வற்ற அரசலாறு மாதம் ஆகும்” என்று வந்தது. அடுத்த பக்கத்தில், “மழை பெய்தது ஊருக்கு அரசலாறுதலாக இருந்தது.”

ஐயா சிரித்த சிரிப்பில் திண்ணைக்கு ஆள் கூடிவிட்டது. “தமிழ்ல ஆறுன்னா எத்தனை ஆறும்மா!”

அக்காவும் சிரித்தார். இந்த முறை பயமில்லை. கேள்விக்குறி வந்த நாளிலிருந்து, கடை மூடும் முன் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துத் தேதி போட்டு வைக்கும் பழக்கம் வந்திருந்தது. முந்தைய நாள் ஃபோல்டரிலிருந்து எடுத்து, ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றினார்.

2021 தீபாவளிக்கு முன் புத்தகம் இணையத்தில் ஏறியது. மகள்தான் இலவசமாகப் பக்கங்களை வைக்கும் இடம் பார்த்து ஏற்பாடு செய்தாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் மூன்று பெயர்கள், பிறகு ‘இன்னும் ஒருவர்’ என்று இருந்தது.

வாடகை வீடு

அதன் பிறகு பாத்திரக் கடை, காபித்தூள் கடை, செடி விற்கும் நர்சரி என்று வேலைகள் வந்தன. அக்கா டிசைனுக்கான சி.எஸ்.எஸ்ஸும், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட்டும் கற்றுக்கொண்டார்.

2022 ஜூனில் அண்ணன் மகன் போன் செய்தான். “அத்தை, ஆட்டத்தை நிறுத்தப் போறாங்களாம்.” அதை உருவாக்கிய கிட்ஹப், அந்த வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதியோடு அதை முடித்துக்கொண்டது.

அக்காவுக்குப் பழைய சி.டி ஞாபகம் வந்தது. பதறிப்போய், “அடப்பாவி, உன் ஃபைலெல்லாம்?” என்றார்.

“அதுக்கு என்ன அத்தை? எல்லாம் அப்படியே இருக்கு. வேற எடிட்டர்ல திறந்துப்பேன்.”

அந்தப் பதில் அவருக்கு ரொம்ப நேரம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதைச் சொந்தமாகவே பார்த்தார். வேலை பெருத்துவிட்டதால் இப்போது வி.எஸ்.கோட்டுக்கு மாறலாம் என்று தோன்றியது. ஃபோல்டரைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுத் திறந்தார். 24 அத்தியாயமும் ஓர் எழுத்து குறையாமல் வந்து நின்றன. பழைய பிரஸ்ஸைத் தேடிப் போகவில்லை, கன்வெர்ட்டர் போடவில்லை, பத்து நாள் திருத்தவில்லை.

“லாரி வாங்கிட்டியா?” என்று கேட்டாள் மகள்.

“வாங்கலடி, வாடகைதான். எடிட்டருங்கறது வாடகை வீடு மாதிரி. வசதியா இருக்கற வரைக்கும் இருக்கலாம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாலும் போலாம். சாமான் நம்மளோடதா இருக்கணும், எந்த வீட்டு வாசல்லயும் நுழையற மாதிரி இருக்கணும். அன்னிக்கு சி.டியில என் சாமான் அந்த ஒரு வீட்டுக்குள்ளதான் கிடந்துச்சு.”

அதே 2023 ஆகஸ்டில் பிராம் மூலெனார் காலமானார். விம்மை இப்போது வேறு பலர் சேர்ந்து தொடர்ந்து நடத்துகிறார்கள் என்று மகள் சொன்னாள். அந்த உகாண்டா வரியை எழுதியவர் என்று அக்காவுக்கு ஞாபகம் இருந்தது.

கடையில் இப்போது சாயங்காலங்களில் மூன்று பெண்கள் வெப் வேலை கற்றுக்கொள்கிறார்கள். “அக்கா, எந்த எடிட்டர் நல்லது?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அவர் பெயர் சொல்வதில்லை. “உன் வேலையில ஒரு பக்கத்தை எடுத்து ரெண்டு மூணுல போட்டுப் பாரு. உன் தப்பை உனக்குக் காட்டறது எதுவோ அதை வெச்சுக்கோ. தினம் ஒரு காப்பி எடு” என்கிறார். புதுத் திரையின் ஓரத்தில் பழைய துண்டுச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது: ‘ஓகே அழுத்தும் முன் படி.’

ஒன்பதாம் அத்தியாயத்துக்கு இன்னும் கொஞ்சம் கதை இருந்தது. பக்கத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு ஒரு பெண் திருப்பூரிலிருந்து பேசினார். மதகில் இறங்கிய நாலாவது ஆள் தன் தாத்தா என்றார். ஒரு வாரம் கழித்து, அதே ஊரிலிருந்து ஒரு பெரியவர் கடைக்கே வந்தார். நாலாவது ஆள் தன் பெரியப்பா என்றார்.

அக்கா இரண்டு பெயரையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெடுநேரம் கழித்துச் சொன்னார்.

“ரெண்டு பேரும்தாம்மா இருந்தாங்க. விளக்கு வெளிச்சத்துல நான் எண்ணினதுதான் தப்பு. நாலு பேர் இல்ல, அஞ்சு பேர்.”

அக்கா மடியில் லேப்டாப்பைத் திறந்தார். ‘நாலு’ என்பதை ‘ஐந்து’ என்று மாற்றினார். இந்த முறை அந்த ஓர் இடத்தில் மட்டும். ‘இன்னும் ஒருவர்’ இருந்த இடத்தில் இரண்டு பெயர்களை அடித்தார். கீழ்ப் பட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சேமித்தார்.